வெளியில் போட மர நாற்காலி: எந்த வடிவத்தைத் தேர்வது?

"தோட்டத்தில் போட நான்கு மர நாற்காலிகளை நானே செய்யப் போகிறேன். மழை, வெயில் எல்லாம் படும். உள்ளே எடுத்து வைக்க இடமில்லை. கையில் ரம்பம், ஜிக்சா, டிரில், நான்கு கிளாம்ப் இருக்கின்றன. இதுவரை ஓர் அலமாரியும் ஒரு ஸ்டூலும் செய்திருக்கிறேன். சாய்ந்து உட்காரும் அடிரான்டாக், நிமிர்ந்த நாற்காலி, மடக்கு நாற்காலி என்று இருபது வரைபடம் சேர்த்துவிட்டேன். எதைத் தேர்வது என்றே தெரியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாற்காலிக்கு வடிவம் தேடும்போது எல்லோரும் அதில் எப்படி உட்காருவோம் என்று யோசிக்கிறார்கள். நான் முதலில் யோசிப்பது அதிலிருந்து எப்படி எழுந்திருப்போம் என்று. தோட்டத்து நாற்காலியில் ஒருவர் உட்காராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சொல்லமாட்டார்கள், "பரவாயில்லை, நான் நிற்கிறேன்" என்பார்கள்.

நான் செய்த முதல் அடிரான்டாக்கில் என் அத்தை உட்கார்ந்தது நினைவில் இருக்கிறது. உட்கார்ந்ததும் முகம் மலர்ந்தது. அரை மணி நேரம் சுகமாகச் சாய்ந்திருந்தார். எழ வேண்டியபோது கைப்பலகையின் நுனியைப் பிடித்து உந்தினார், இடுப்பு எழவில்லை. இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து வந்து மறுபடி உந்தினார். மூன்றாவது முறை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அதற்குப் பிறகு அந்த நாற்காலிப் பக்கமே அவர் வரவில்லை.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். எழுந்திருக்க நாம் முதலில் பாதங்களைப் பின்னுக்கு இழுத்து முழங்காலுக்குக் கீழே கொண்டுவருகிறோம். அப்புறம் உடம்பை முன்னால் சாய்க்கிறோம். எடை பாதத்துக்கு மேலே வந்தபிறகுதான் கால் நிமிரும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நிற்கும், தொடைக்கு வேலை அதிகம். இருக்கை பின்னோக்கிச் சரிந்திருந்தால் எடையை முன்னால் கொண்டுவரப் பள்ளத்திலிருந்து மேடேறுவது போல ஏற வேண்டும். இருக்கைக்கு அடியில் முன்பக்கம் அகலமான பலகை அடைத்திருந்தால் குதிகால் பின்னால் போக வழியே இல்லை. அடிரான்டாக்கில் முதல் இரண்டும் கட்டாயம் உண்டு, மூன்றாவதும் பல வரைபடங்களில் உண்டு. அது அந்த நாற்காலியின் குற்றம் இல்லை. மாலை முழுக்க அசையாமல் சாய்ந்திருக்கவே அதை வடிவமைத்தார்கள்.

அதனால் என் முதல் யோசனை: நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். இரண்டு நிமிர்ந்த கைப்பிடி நாற்காலி, இரண்டு சாய்வு நாற்காலி. ஒரே மரம், ஒரே அகலமுள்ள ரீப்பர் (ஒடுக்கமான மரப்பட்டை), ஒரே பூச்சு என்று இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் போடும்போது குடும்பமாகத்தான் தெரியும்.

அடுத்து அளவு. வரைபடத்தில் இருக்கும் அளவு யாரோ ஒருவருடைய உடம்புக்கு. உங்களுக்கு வேண்டியதை நீங்களே எடுத்துவிடலாம், அரை நாள் போதும். ஒரு சுவரின் பக்கத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் முன்பின்னாக 45 செ.மீ. ஆழமுள்ள ஒரு பலகையை வையுங்கள். அதுதான் இருக்கை. பின்வரிசைச் செங்கல்லுக்குப் பதில் மெல்லிய கட்டைகளை மாற்றி மாற்றி வைத்தால் சரிவு கூடும், குறையும். முதுகுக்கு இன்னொரு பலகையைச் சுவரில் சாய்த்து, அதன் அடி நழுவாமல் ஒரு கட்டையை முட்டுக்கொடுங்கள். இப்போது அம்மாவை உட்காரச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதாது. முதல் இரண்டு நிமிடத்தில் எந்தப் பலகையும் நன்றாகத்தான் இருக்கும். பேசிக்கொண்டே இருபது நிமிடம் போகட்டும். உடம்பு தானாக எங்கே நெளிகிறது, கை எதைத் தேடுகிறது, எழும்போது எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். உயரத்தை ஒரு விரல் கூட்டுங்கள், மறுபடி உட்காரச் சொல்லுங்கள். சரியான இடம் வந்ததும் அவரே சொல்லிவிடுவார். அப்போது டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கோணத்தைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்குச் சில எண்கள் தருகிறேன். நிமிர்ந்த நாற்காலிக்கு இருக்கையின் முன்விளிம்பு தரையிலிருந்து 43 முதல் 46 செ.மீ. காலணி போட்டபடி தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள உயரம் எவ்வளவோ அதுதான் அடிப்படை. முழங்கால் வலி உள்ளவருக்கு இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாகவே வைக்கலாம். மெத்தை போடுவீர்கள் என்றால் அது அமுங்கியபின் எவ்வளவு தடிமன் மிஞ்சுமோ அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இருக்கையின் ஆழம் 42 முதல் 45 செ.மீ.; முதுகு பலகையில் பட உட்கார்ந்தபின் முன்விளிம்புக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் விளிம்பு காலை அழுத்தும், மரத்துப்போகும். பின்பக்கம் முன்பக்கத்தைவிட 2 முதல் 4 செ.மீ. தாழ்ந்திருந்தால் போதும். 45 செ.மீ. ஆழத்துக்கு 4 செ.மீ. தாழ்வு என்பது ஏறக்குறைய 5 டிகிரி. இருக்கைக்கும் முதுகுக்கும் இடையே 100 டிகிரிக்குச் சற்று முன்பின். கைப்பிடி இருக்கையிலிருந்து 20 முதல் 24 செ.மீ. உயரத்தில். ஒன்றை மறக்க வேண்டாம்: கைப்பிடி இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டிருக்க வேண்டும், நுனியைக் கை வளைத்துப் பிடிக்கும்படி உருட்டியிருக்க வேண்டும். பாதியில் நின்றுவிடும் கைப்பிடி உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் உதவும்.

சாய்வு நாற்காலிக்கு வேறு கணக்கு. முன்விளிம்பு 35 முதல் 38 செ.மீ., பின்பக்கம் அதைவிட 10 செ.மீ.க்கு மேல் தாழ்வு, முதுகு தலை வரை உயரம். இவ்வளவு சரிவு இருப்பதால்தான் உடம்பு முன்னால் வழுக்காமல் பின்னாலேயே தங்குகிறது. முதுகை மட்டும் சாய்த்துவிட்டு இருக்கையைத் தட்டையாக வைத்த வரைபடங்கள் நிறைய உலவுகின்றன. அவற்றில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும். அப்படி ஏதாவது நீங்கள் சேர்த்துவைத்த இருபதில் இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

அடிரான்டாக் வந்த கதையும் இப்படி உட்கார்ந்து பார்த்த கதைதான். 1903ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் தாமஸ் லீ என்பவர் தன் கோடைக்கால வீட்டுக்கு வெளியில் போட நாற்காலி தேடினார். பலகைகளை ஒன்றோடொன்று இணைத்து, வீட்டு ஆட்களை உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வடிவத்துக்கு வந்தார். ஹாரி பனல் என்ற தச்சர் 1905ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது அதன் பெயர் வெஸ்ட்போர்ட் நாற்காலி. முதுகுக்கு அகலமான பலகைகள். இன்று நாம் பார்க்கும் விசிறி போல் விரிந்த, ஒடுக்கமான ரீப்பர்களால் ஆன முதுகு பிற்பாடு வந்தது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு இர்விங் வோல்பின் 1938ல் காப்புரிமை பெற்றார். இந்த மாற்றத்தை நான் வெறும் அழகுக்கானதாக நினைக்கவில்லை. அகலமான பலகை வெளியில் கிடந்தால் வளையும், வெடிக்கும். ஐந்தாறு ஒடுக்கமான துண்டுகளாக இருந்தால் ஒவ்வொன்றும் தனக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும், இடைவெளி அதை விழுங்கிக்கொள்ளும்.

இனி, நிமிர்ந்த நாற்காலியின் பின்கால். வடிவமைப்பில் மற்ற எதைவிடவும் இதைப் பற்றித்தான் நான் உங்களிடம் அதிகம் பேச வேண்டும்.

வழக்கமான உணவுமேசை நாற்காலியைப் பக்கவாட்டில் பாருங்கள். பின்காலும் முதுகுச் சட்டமும் ஒரே துண்டு. இருக்கை மட்டத்தில் அது வளைந்து மேலே பின்னோக்கிப் போகும். பார்க்க மிக அழகு. ஆனால் அதை ஒரு நேரான பலகையிலிருந்து வளைவாக அறுத்தால் என்ன ஆகும்? பலகையின் நார் நேராகத்தான் ஓடுகிறது. வளைவு இருக்கும் இடத்தில் நார்கள் குறுக்கே வெட்டுப்பட்டு, காலின் ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பில் முடிந்துவிடும். விறகு பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோடாரி நார் வாட்டத்தில் இறங்கினால் ஒரே போடு, இரண்டு துண்டு. குறுக்கே வெட்டினால் சிம்பு சிம்பாகத் தெறிக்குமே தவிர இரண்டாகாது. வளைத்து அறுத்த காலில், நாற்காலியில் சாய்பவரின் எடை கோடாரியின் வேலையைச் செய்கிறது.

ஒருமுறை என்னிடம் பழுதுபார்க்க ஒரு நாற்காலி வந்தது. நல்ல தேக்கு, நல்ல வேலைப்பாடு. பின்கால் இருக்கைக்கு இரண்டு விரல் மேலே போயிருந்தது. ஒடிந்த முகத்தைத் தடவிப் பார்த்தேன். சாய்வாக, வழவழப்பாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை. ஒடிந்த மரம் என்றால் துடைப்பம் மாதிரி நார் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதில் எந்த நாரும் அறுந்திருக்கவில்லை. இரண்டு நார்களுக்கு நடுவே மரம் பிளந்து விலகியிருந்தது. வெறும் இரண்டு விரல் நீளத்துக்குத்தான் அந்த இடத்தில் நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. யாரோ பின்கால் இரண்டில் மட்டும் நாற்காலியை நிறுத்திச் சாய்ந்தாடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைச் செய்யாத மனிதர் யார்?

இதற்கு மூன்று வழி இருக்கிறது. நார் தானே வளைந்திருக்கும் பலகையாகப் பார்த்து எடுப்பது. கைதேர்ந்த தச்சர்கள் அப்படித்தான் தேடுவார்கள். அகலமான சட்டத்திலிருந்து மிக லேசான வளைவாக அறுப்பது. மரம் நிறைய வீணாகும். மூன்றாவது, வளைவே தேவைப்படாத வடிவத்தைத் தேர்வது. உங்கள் அனுபவத்துக்கும் கையிலிருக்கும் கருவிக்கும் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

அது எப்படி இருக்கும் என்று கண்முன் கொண்டுவருகிறேன். முதலில் ஒரு பக்கச் சட்டம். முன்கால் நேராக நிற்கிறது, பின்காலும் நேராக நிற்கிறது, இரண்டும் கைப்பிடி உயரம் வரை, ஏறக்குறைய 65 செ.மீ. அவற்றின் தலையில் கைப்பிடிப் பலகை. நடுவில் இருக்கையைத் தாங்கும் குறுக்குச் சட்டம், முன்னால் கொஞ்சம் உயர்ந்து பின்னால் கொஞ்சம் தாழ்ந்து. நான்கு துண்டும் ஒன்றையொன்று பிடித்து ஒரு சட்டகம் ஆகிவிடுகிறது. இதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் முன்னாலும் பின்னாலும் குறுக்குக் கட்டைகளால் இணைக்கிறீர்கள். முதுகு தனியாக ஒரு சட்டம்: நேரான இரண்டு கட்டை, நடுவே ரீப்பர்கள். அந்தச் சட்டத்தைச் சாய்வாக உள்ளே இறக்கி, கீழே இருக்கைச் சட்டத்தில் ஒரு போல்ட், மேலே கைப்பிடிகளின் பின்நுனியை இணைக்கும் குறுக்குக் கட்டையில் ஒரு போல்ட். இரண்டு பிடிக்கும் நடுவே ஒரு சாண் தூரம் இருப்பதால், பின்னால் சாயும்போது வரும் நெம்பு விசை இரண்டுக்கும் பிரிந்துவிடுகிறது. எந்த ஒரு மூட்டும் தனியாக அதைச் சுமக்க வேண்டியதில்லை. எல்லாத் துண்டும் நேர்த் துண்டு, நார் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. முதுகுச் சாய்வு பிடிக்கவில்லையா? மேல் போல்ட்டின் துளையை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு சோதனை மட்டும் செய்துகொள்ளுங்கள். முதுகின் உச்சியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டால் அது பின்கால் ஊன்றும் இடத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். நான்கு விரலுக்கு மேல் பின்னால் தள்ளி விழுந்தால் பின்காலின் அடியைப் பின்னோக்கிச் சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் கனமான ஒருவர் சோம்பல் முறிக்கும்போது நாற்காலி மல்லாந்துவிடும்.

அடிரான்டாக் ஏன் புதிதாகச் செய்பவருக்கும் சரியாக வருகிறது என்பதற்கும் இதே காரணம்தான். அதில் இருக்கையைத் தாங்கும் நீண்ட பலகையே பின்னால் இறங்கிப் பின்காலாகத் தரையில் ஊன்றுகிறது. ஒரே பலகை, நார் நீளவாட்டில். முன்காலும் கைப்பலகையும் அந்த நீண்ட பலகையும் சேர்ந்து ஒரு முக்கோணம் போல இறுகிக்கொள்கின்றன. ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகும் கழுந்து மூட்டு வேண்டாம், போல்ட்டும் ஸ்க்ரூவும் போதும். இருக்கையில் அந்தக் குழிவான வளைவை அறுக்க ஜிக்சா உங்களிடம் இருக்கிறது. ஆகவே சாய்வு நாற்காலி இரண்டுக்கும் அடிரான்டாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம்.

மடக்கு நாற்காலியை இந்த முறை விட்டுவிடலாம். எடுத்து வைக்க இடமில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் மடக்கி என்ன பயன்? குறுக்கே வெட்டிக்கொள்ளும் கால்கள் ஒரே ஒரு போல்ட்டில் முழு எடையையும் தாங்கும், மரம் நனைந்து ஊதினால் அசைய மறுக்கும், காய்ந்தால் ஆடும். சிறு பிள்ளைகளின் விரல் நசுங்கும் பயம் வேறு. ஒரு பலகைக்குள் இன்னொன்றைச் செருகி நிறுத்தும் இரட்டைப் பலகை நாற்காலியும் உங்கள் பட்டியலில் இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை, ஆனால் தரையோடு தரையாக இருக்கும், செருகும் வெட்டு இருக்கும் இடத்தில்தான் மரம் பிளக்கும். எளிமைதான் வேண்டும் என்றால் நெதர்லாந்து வடிவமைப்பாளர் கெரிட் ரீட்வெல்ட் 1934ல் செய்த பெட்டிப்பலகை நாற்காலியைப் பாருங்கள். சரக்குப் பெட்டி செய்யும் சாதாரணப் பலகைகள், ஸ்க்ரூ, அவ்வளவுதான். ஒரு மூட்டுக்கூட மறைக்கப்படவில்லை, ஆனாலும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். நேர்த் துண்டுகளை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரிந்துகொள்ள அது நல்ல பாடம்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நிமிர்ந்த நாற்காலி இரண்டுக்குப் பதில் இரண்டு பேர் உட்காரும் ஒரு பெஞ்ச் செய்தால் பக்கச் சட்டம் நான்குக்குப் பதில் இரண்டுதான். ஆனால் 20 மி.மீ. தடிமனுள்ள ரீப்பர் 60 செ.மீ.க்கு மேல் தாங்கலில்லாமல் போனால் தொய்யும். நடுவில் ஒரு சட்டம் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு இருபக்கமும் கைப்பிடி வேண்டும் என்பதால் நான் தனி நாற்காலிக்கே சாய்வேன்.

உடம்புக்கு அடுத்து தண்ணீர். வெளியில் கிடக்கும் நாற்காலியை எடையைவிட ஈரம்தான் முடித்துவைக்கிறது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு மரத்தில் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் தேவை. மழையில் நனைவதால் மட்டும் மரம் உளுத்துப்போகாது. நனைந்தது காயாமல் இருப்பதால்தான் போகிறது. அதனால் ஒரு வரைபடத்தைக் கையில் எடுத்தால் இந்தக் கண்ணோடு பாருங்கள்: இதன்மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் எங்கெல்லாம் தேங்கும்? ரீப்பர்களுக்கு நடுவே 6 முதல் 10 மி.மீ. இடைவெளி இருக்கிறதா? அகலமான இரண்டு பலகைகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கிடக்கின்றனவா? அந்த இடுக்கில் போன தண்ணீர் வாரக்கணக்கில் வெளியே வராது. கைப்பிடி மட்டமாக இருக்கிறதா, வெளிப்பக்கம் நூல் அளவாவது சரிகிறதா? மேல்நோக்கிய துளையில் முதுகுச் சட்டம் இறங்கி நிற்கிறதா? நிற்கிறது என்றால் அது கிண்ணம். அடியில் ஒரு சிறு துளை போட்டு வழிய விட வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமான இடம் கால்களின் அடி. மரத்தின் வெட்டுமுகம் என்பது அடுக்கிவைத்த உறிஞ்சுகுழல்கள் போல. பலகையின் முகத்தைவிடப் பலமடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். நான்கு காலும் ஈரத் தரையில் நின்றுகொண்டே இருக்கின்றன. அடிமுகத்துக்கு எபாக்ஸி என்ற இரண்டு கலவைப் பிசினை இரண்டு முறை பூசுங்கள்; முதல் பூச்சை மரம் குடித்துவிடும், இரண்டாவதுதான் நிற்கும். அடி விளிம்பை 3 மி.மீ. சாய்த்துச் சீவிவிடுங்கள், இழுக்கும்போது சிம்பு கிளம்பாது. புல்மேல் போடுவதாக இருந்தால் காலுக்கு அடியில் ஒரு கல் வைத்தாலே ஆயுள் கூடும்.

மரத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: வைரம் பாய்ந்த, அதாவது மரத்தின் உள்ளே இருக்கும் கருத்த பகுதியாக இருக்க வேண்டும். தேக்காகவே இருந்தாலும் ஓரத்திலிருக்கும் வெளிறிய பகுதிக்குத் தேக்கின் குணம் கிடையாது, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் சீக்கிரம் பலியாகும். தேக்கு ஏன் வெளியில் நிற்கிறது என்பதற்கு அதிலுள்ள எண்ணெய்ப்பசை பாதிக் காரணம். அது குறைவாகவே விரிந்து சுருங்குவது மீதிக் காரணம்: பச்சை மரம் முழுக்கக் காயும்போது ஆண்டு வளையங்களின் வாட்டத்தில் தேக்கு 5.8 சதவீதம் சுருங்கும், வெள்ளை ஓக் 10.5 சதவீதம் சுருங்கும். அதே எண்ணெய்ப்பசை பசையை ஒட்டவிடாது. ஒட்டும் முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். பைன் போன்ற மென்மரம்தான் கைக்கு எட்டுகிறது என்றால் மருந்தேற்றியதாக வாங்கி, அறுத்த முனைகளுக்கெல்லாம் மறுபடி மருந்து பூசுங்கள். அந்த மரத்தின் துண்டு துணுக்குகளை எரிக்க மட்டும் வேண்டாம், புகை நஞ்சு.

ஸ்க்ரூவும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கடலோரமாக இருந்தால் உப்புக்காற்றைத் தாங்கும் 316 வகை. ஓக், சீடார் போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. சாதாரண இரும்பு அதோடு சேர்ந்தால் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கருநீலக் கறை வழியும். மரத்தின் வெட்டுமுகத்தில் ஸ்க்ரூ ஏற்றி நிற்கும் மூட்டு எந்த வரைபடத்தில் இருந்தாலும் அந்த வரைபடத்தை நம்பாதீர்கள். நாரோடு நாராகப் போகும் ஸ்க்ரூவுக்குப் பிடிப்பு குறைவு, ஓரிரு மழைக்காலத்தில் ஆடத் தொடங்கும்.

வரைபடம் அங்குலத்தில் இருந்தால் ஒரு பொறி காத்திருக்கிறது. அமெரிக்க வரைபடங்களில் "1க்கு 4" என்று எழுதியிருக்கும் பலகை உண்மையில் 19 மி.மீ.க்கு 89 மி.மீ. "2க்கு 4" என்பது 38க்கு 89. பெயரை நம்பி 25க்கு 100 என்று அறுத்துவிட்டால் ரீப்பர் எண்ணிக்கை முதல் போல்ட் நீளம் வரை எல்லாம் தவறிப்போகும், நாற்காலியும் தூக்க முடியாத கனமாகிவிடும். பக்கவாட்டுத் தோற்றமும் கோணங்களும் இல்லாத வரைபடத்தையும் ஒதுக்கிவிடுங்கள். நாற்காலியின் உயிர் பக்கவாட்டுத் தோற்றத்தில்தான் இருக்கிறது. முன்பக்கப் படம் வெறும் முகம்.

பூச்சு பற்றி நீண்ட விவாதங்கள் உண்டு, நான் அதில் அதிகம் இறங்கப் போவதில்லை. கெட்டியான வார்னிஷ் ஆரம்பத்தில் பளபளக்கும். வெடிப்பு விட்டதும் அதன் அடியில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், முழுக்கச் சுரண்டித்தான் மறுபடி அடிக்க வேண்டும். எண்ணெய் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுத் துணியால் பூசினால் முடிந்தது. ஒன்றுமே பூசாமல் விட்டால் தேக்கு வெயிலில் வெள்ளிச் சாம்பல் நிறமாகும். அது மேற்பரப்பில் மட்டும் நடப்பது, வலிமை குறையாது. எனக்கு அந்த நிறம் மிகப் பிடிக்கும்.

சரி, எங்கே தொடங்குவது? அம்மாவின் நாற்காலியிலிருந்து. செங்கல் வைத்து எடுத்த அளவுகளைக் கொண்டு முதலில் மலிவான பலகையில், பசையே போடாமல், ஸ்க்ரூ மட்டும் போட்டு ஒரு மாதிரி செய்யுங்கள். இழைக்க வேண்டாம், முனை உருட்ட வேண்டாம். இரண்டு வாரம் அது தோட்டத்தில் கிடக்கட்டும். யார் யார் வந்து உட்காருகிறார்கள், காப்பியோ புத்தகமோ எங்கே வைக்கிறார்கள், முதுகில் எந்த ரீப்பர் உறுத்துகிறது என்று கவனியுங்கள். மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகு அதைக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் 6 மி.மீ. பிளைவுட்டில் வரைந்து அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். போல்ட் துளைகளையும் அந்த அச்சிலேயே போட்டுவிடுங்கள். நல்ல மரத்தில் அறுக்கும்போது டேப்பைத் தொடவே வேண்டியிருக்காது. அச்சை வைத்துக் கோடு கிழித்து, கோட்டுக்கு வெளியே அறுத்து, கோடு வரை இழைத்தால் போதும். வலது பக்கமும் இடது பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் என்பதை மட்டும் ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் எழுதி வையுங்கள். இரண்டு வலது பக்கத்தை அறுத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்காராத தச்சரை நான் பார்த்ததில்லை.

அம்மாவின் நாற்காலி ஒன்று முடிந்ததும் இரண்டாவது நிமிர்ந்த நாற்காலி. அடிரான்டாக் இரண்டும் அப்புறம். அதற்குள் ரம்பம் கைக்கு நன்றாகப் பழகியிருக்கும், அந்த இருக்கை வளைவு சுத்தமாக வரும்.